மாய்ஸ்சரைசர் டப்பாவின் பின்பக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் இருக்கும் க்ரீம் டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது என் பழைய பழக்கம். அது தெரிந்ததிலிருந்து உறவுக்காரர்கள் கடையில் நின்றுகொண்டே போட்டோ எடுத்து அனுப்பி, "இதை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான்: ஒரே வரிசையில் 90 ரூபாய்க்கும் 900 ரூபாய்க்கும் நிற்கும் இரண்டு பாட்டிலுக்கு அப்படி என்ன வித்தியாசம்? திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சேர்மானப் பட்டியலை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

முதல் ஐந்தாறு பெயர்களிலிருந்து. முக்கால்வாசிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தியாவில் 2020-ம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அது முதலில், அடுத்தது அதற்கடுத்து என்று இறங்கு வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். விளையாட்டு நடப்பது இந்த ஒரு சதவீதக் கோட்டுக்குக் கீழேதான். குங்குமப்பூ, முத்து, தங்கத்தூள் எல்லாம் பெரும்பாலும் அங்கே குடியிருக்கும்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிளில் போட்டிருக்க மாட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 'ஃபீனாக்ஸிஎத்தனால்' என்ற பெயரைத் தேடுங்கள். க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. ஐரோப்பிய விதிப்படி அதன் உச்ச அளவே ஒரு சதவீதம்தான், பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த அளவுக்குள்தான் போடுகின்றன. ஆகவே அதற்குப் பின்னால் வருகிற எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது என்று வைத்துக்கொள்ளலாம்.

சின்ன டப்பாவில் பட்டியலே இல்லையே?

30 கிராமுக்குக் குறைவான க்ரீமுக்கும் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் அந்தப் பட்டியலைப் போடாமல் விடலாம் என்று விதியில் விலக்கு இருக்கிறது. அதே பொருளின் பெரிய பாட்டிலைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு, சின்னதை வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

மாய்ஸ்சரைசர் தோலுக்குள் ஈரத்தை ஏற்றுகிறதா?

பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது.

நம் தோலின் மேல்படலத்தைச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உயிரற்ற தட்டையான செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. உள்ளங்கை, பாதம் தவிர்த்த இடங்களில் இந்தச் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். சோப்பும் வெந்நீரும் வயதும் சாந்தைக் கரைக்கும்போது விரிசல் வழியாக உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிறது. கை கால் வெள்ளை பூத்து, நகத்தால் கீறினால் கோடு விழுகிறதே, அது இதுதான்.

க்ரீமில் இருப்பவை மூன்று வேலைகளைச் செய்கின்றன. கிளிசரின், யூரியா, சார்பிட்டால், சோடியம் பிசிஏ, ஹையலூரானிக் ஆசிட் போன்றவை நீரை இழுத்துப் பிடிக்கின்றன. செட்டைல் ஆல்கஹால், ஷியா பட்டர், ஸ்குவாலேன், தாவர எண்ணெய்கள் செங்கல்களுக்கு இடையிலுள்ள இடுக்கை நிரப்பி வழுவழுப்பாக்குகின்றன. பெட்ரோலாட்டம் (வாசலின்), மினரல் ஆயில், லனோலின், டைமெத்திகோன் என்ற சிலிகோன், தேன்மெழுகு ஆகியவை மேலே மூடி போடுகின்றன. ஒரே பொருள் இரண்டு வேலை பார்ப்பதும் உண்டு. இழுக்கும் ஆள், நிரப்பும் ஆள், மூடும் ஆள் என மூவரும் பட்டியலின் மேல்பாதியில் இருந்தால் அது வேலை செய்கிற க்ரீம். விலை எதுவாகவும் இருக்கட்டும்.

ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

கடையில் சாதாரணமாகப் பார்க்கும் மாதிரியில் இரண்டு பட்டியல் எழுதுகிறேன். இரண்டும் நானே கோர்த்தவை.

முதல் பாட்டிலின் முன்பக்கம் ஒரு பெரிய பாதாம் பருப்புப் படம், "பாதாமின் போஷாக்கு" என்று தங்க எழுத்து. பின்பக்கம்: அக்வா (தண்ணீர்தான்), மினரல் ஆயில், கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், செட்டைல் ஆல்கஹால், டைமெத்திகோன், ஃபீனாக்ஸிஎத்தனால், பாதாம் எண்ணெய், பெர்ஃப்யூம்.

இரண்டாவது, படமே இல்லாத வெள்ளை ட்யூப்: அக்வா, கிளிசரின், பெட்ரோலாட்டம், கேப்ரிலிக் கேப்ரிக் ட்ரைகிளிசரைடு, செட்டியரைல் ஆல்கஹால், யூரியா, டைமெத்திகோன், ஃபீனாக்ஸிஎத்தனால்.

முதலாவதில் பாதாம் எண்ணெய் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் நிற்கிறது. 200 மில்லி பாட்டிலில் ஒரு சதவீதம் என்றால் 2 மில்லி, அரை டீஸ்பூன்கூட இல்லை. அதுவும் அதிகபட்சக் கணக்கு. அதற்காக அந்த லோஷன் மோசமா? இல்லை. மினரல் ஆயிலும் கிளிசரினும் டைமெத்திகோனும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யும். பெயர் வாங்குவது பாதாம், உழைப்பது மினரல் ஆயில். சாதாரண வறட்சிக்கு இது போதும்.

இரண்டாவதில் கிளிசரின் தண்ணீருக்கு அடுத்தபடியாக நிற்கிறது, பெட்ரோலாட்டம் மூடி போடுகிறது, யூரியா ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பிருக்கும் இடத்தில் இருக்கிறது, வாசனை கிடையாது. தோல் நிஜமாகவே வெடித்திருப்பவருக்கு இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அந்த வாயில் நுழையாத ட்ரைகிளிசரைடைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெயிலிருந்தோ பாமாயில் வகையிலிருந்தோ பிரித்தெடுத்த லேசான எண்ணெய்தான் அது.

லோஷன், க்ரீம், ஆயின்ட்மென்ட்: எது உசத்தி?

லோஷனில் தண்ணீர் அதிகம், க்ரீமில் குறைவு, ஆயின்ட்மென்ட்டில் அநேகமாக இருக்காது. கெட்டியாக இருப்பதுதான் பலமானது என்று நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் கரப்பான் (எக்ஸிமா) உள்ள 550 குழந்தைகளிடம் லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நான்கையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. நான்கில் எதுவும் மற்றதைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. பிசுபிசுப்பு பிடிக்காமல் அலமாரியில் கிடக்கும் ஆயின்ட்மென்ட்டைவிட, தினமும் கை போகிற லோஷன் மேல்.

கிளிசரின் போதுமா, ஹையலூரானிக் ஆசிட் வேண்டுமா?

கிளிசரின் போதும். இந்தப் பட்டியல்களில் என் அபிமான நட்சத்திரம் அதுதான். சோப்பு செய்யும்போது உபபொருளாகவே கிடைப்பதால் விலை மலிவு, மலிவாக இருப்பதால் விளம்பரம் இல்லை. நம் தோல் செல்களிலேயே கிளிசரினைக் கடத்துவதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது, அக்வாபோரின்-3 என்று பெயர். அந்த வாசல் இல்லாமல் பிறந்த எலிகளுக்குத் தோல் வறண்டு போனதையும், கிளிசரின் கொடுத்ததும் சரியானதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

ஹையலூரானிக் ஆசிட் கெட்டது என்று சொல்லவில்லை. பூசியதும் தோல் கொஞ்ச நேரம் உப்பலாக, மினுமினுப்பாகத் தெரியும். ஆனால் "தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பட்டியலின் கடைசியில் இருந்தால் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சதவீதம் கரைத்தாலே ஜெல் மாதிரி கெட்டியாகிவிடும் சரக்கு, பெரும்பாலும் அதற்கு மேல் போட மாட்டார்கள்.

தனிக் கிளிசரினை அப்படியே முகத்தில் தடவாதீர்கள், எரியும், ஒட்டும். பன்னீர் கலந்து பூசுகிறவர்கள் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் சேர்ந்த எதுவும் கிருமி வளர இடம் கொடுக்கும்.

வாசலின் பெட்ரோலியக் கழிவுதானே? அதைத் தோலில் தடவலாமா?

பிறந்த இடம் எண்ணெய்க் கிணறு என்பது உண்மை. 1859-ல் ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளம் வேதியியலாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊருக்குப் போனார். அங்கே பம்புக் கம்பிகளில் பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்தது. தொழிலாளர்கள் அதைத் திட்டித் தீர்த்தாலும், கையில் வெட்டுக்காயமோ சூடோ பட்டால் அதைத்தான் எடுத்துத் தடவினார்கள். செஸ்ப்ரோ அதைச் சுத்திகரித்து, 1872-ல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிடுவார் என்றும் சொல்வார்கள். நீங்கள் சாப்பிட வேண்டாம். மனிதர் 96 வயது வரை இருந்தார்.

கச்சா நிலையில் அதில் தீங்கான சேர்மங்கள் இருக்கும், சுத்திகரிப்பில் நீக்கிவிடுவார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி அப்படிச் சுத்தமானது. மூடி போடும் வேலையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தோலிலிருந்து நீர் ஆவியாவதை 98 சதவீதம் வரை தடுக்கும் என்று தோல் மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மினரல் ஆயில், லனோலின், சிலிகோன் எல்லாம் 20-30 சதவீதத்தோடு நின்றுவிடும்.

குறை என்று பார்த்தால், அது ஈரத்தைக் கொண்டுவராது, இருப்பதை மூடும், அவ்வளவுதான். காய்ந்த காலில் தடவிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள், குளித்த ஈரத்தோடு ஒருமுறை தடவிப் பார்க்கட்டும். அப்புறம் நம் ஊர்ப் புழுக்கத்தில் பகலில் இதைப் பூசிக்கொண்டு பஸ் ஏற யாருக்கும் மனசு வராது. ராத்திரிச் சரக்கு.

தேங்காய் எண்ணெய் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ளவர்களிடம் சுத்தமான தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டும் சமமாகவே வேலை செய்தன. பாட்டி சொன்னதில் தப்பில்லை. கை கால் வறட்சிக்கு, குளித்த கையோடு தடவுவதற்கு, செக்கு எண்ணெய் தாராளமாகப் போதும். ஆனால் எண்ணெயில் ஈரம் இழுக்கும் பொருள் எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் கிளிசரின் போட்ட லோஷன் முந்துகிறது.

இரண்டு இடங்களில் தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஒன்று, பரு வருகிற முகம். இன்னொன்று தேமல். தேமலுக்குக் காரணமான மலாசீசியா என்ற பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்று வளர்வது. நெஞ்சிலும் முதுகிலும் தேமல் இருக்கும்போது "தோல் காய்கிறது" என்று மேலே எண்ணெய் தேய்ப்பது அதற்குச் சாப்பாடு போடுவது மாதிரி. மினரல் ஆயிலையும் கிளிசரினையும் அதனால் தின்ன முடியாது.

நல்லெண்ணெயில் லினோலிக், ஒலீயிக் என்ற இரண்டு அமிலங்களும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கின்றன. லினோலிக் நம் தோலின் சாந்துக்கு வேண்டியது. ஒலீயிக் அதிகமானால் சாந்தையே குலைக்கும். ஆலிவ் எண்ணெயில் ஒலீயிக்தான் பெரும்பகுதி. பிரிட்டனில் 2013-ல் வெளியான ஆய்வில், சில வாரம் ஆலிவ் எண்ணெய் தடவியவர்களின் தோல் அரண் பலவீனமாகி, லேசாகச் சிவந்தும் போனது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. பிறந்த குழந்தைக்கு வெளிநாட்டிலிருந்து ஆலிவ் எண்ணெய் பாட்டில் வாங்கி வரும் மாமாக்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செராமைடு போட்ட க்ரீமுக்கு அந்த விலை தகுமா?

சிலருக்குத் தகும். தோலின் சாந்தில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். ஆகவே செராமைடு என்ற பெயரோடு கொலஸ்ட்ராலும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செய்தவர் யோசித்துச் செய்திருக்கிறார். கரப்பான் உள்ளவர்கள், நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்துக் கை வெந்து போனவர்கள் போட்டுப் பார்க்கலாம். மார்கழிப் பனிக்கு மட்டும் லேசாகக் கை பூக்கிறவர் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். விலை கட்டுப்படாதவர்கள் நியாசினமைடு இருக்கும் லோஷனைத் தேடலாம். தோல் தானே செராமைடு செய்துகொள்ள அது உதவுகிறது.

யூரியா என்றால் வயலுக்குப் போடும் உரமா?

மூலக்கூறு அதேதான், தரம் வேறு. உர மூட்டையைப் பிரித்து விடாதீர்கள். நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள் அது. க்ரீமில் 5 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 20-க்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கி உரிக்கும். பித்தவெடிப்புக்கு 20-25 சதவீத க்ரீமை மருந்துக்கடையில் கேளுங்கள், ராத்திரி தடவிச் சாக்ஸ் போட்டுப் படுங்கள். ரத்தம் வரும் வெடிப்பில் வேண்டாம், எரிந்து தள்ளும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் விரல் இடுக்கில் எந்த க்ரீமும் தடவக் கூடாது. புண் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஆல்கஹால் என்று போட்டிருக்கிறதே?

செட்டைல், ஸ்டியரைல், செட்டியரைல் என்று முன்னால் பெயர் இருந்தால் அது மெழுகு மாதிரி, நல்லது. 'ஆல்கஹால் டீநேச்சர்ட்' என்றோ 'எத்தனால்' என்றோ முதல் சில பெயர்களுக்குள் இருந்தால்தான் வறட்டும்.

பாரபென் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டுமா?

நான் பார்ப்பதில்லை. பாரபெனும் க்ரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்தான். 2004-ல் பிரிட்டனில் மார்பகக் கட்டித் திசுக்களில் பாரபென் தடயம் கண்டதாக ஒரு ஆய்வு வந்தது. அந்தப் பயம் இன்னும் ஓயவில்லை. தடயம் இருந்தது என்பது வேறு, அதனால்தான் நோய் வந்தது என்பது வேறு, இரண்டாவதை அந்த ஆய்வு காட்டவில்லை. ஐரோப்பாவில் ஐந்து வகைப் பாரபென்களை 2014-ல் தடை செய்தார்கள். பரவலாகப் பயன்படும் மெத்தில் பாரபென் 0.4 சதவீதம் வரை அங்கே இன்றும் அனுமதி உள்ளதுதான். ஒவ்வாமை தருவதிலும் அது சாது. தோலில் படும் பொருட்களால் வரும் ஒவ்வாமையைக் கவனிக்கும் அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2019-ல் பாரபென்களை "ஒவ்வாமை தராத பொருள்" என்றே தேர்ந்தெடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், பாரபெனை எடுத்துவிட்டுப் அதற்குப் பதிலாகப் பல கம்பெனிகள் போட்ட மெத்தில்ஐசோதயசோலினோன் ஊர்பட்ட பேருக்கு அரிப்பைக் கிளப்பியது. கழுவாமல் விடும் க்ரீம்களில் அதை ஐரோப்பாவில் 2017-ல் தடையே செய்துவிட்டார்கள். லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள்.

வாசனை?

அரிப்பு, கரப்பான், குழந்தை இவற்றில் எது வீட்டில் இருந்தாலும் வாசனை இல்லாததை வாங்குங்கள். 'பெர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல பத்துப் பொருட்கள் ஒளிந்திருக்கலாம். லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்று தனியாக எழுதியிருப்பதும் வாசனைதான். "இயற்கை எண்ணெய்தானே" என்பது சமாதானம் ஆகாது, இந்த மூன்றும் லாவண்டரிலும் எலுமிச்சையிலும் ரோஜாவிலும் இருப்பவைதான்.

'ஹைப்போஅலர்ஜெனிக்', 'டெர்மடாலஜிக்கலி டெஸ்டட்' என்பவை?

அமெரிக்காவிலேயே ஹைப்போஅலர்ஜெனிக் என்ற சொல்லுக்குச் சட்டப்படி வரையறை இல்லை. சோதித்தோம் என்கிறார்கள், என்ன முடிவு வந்தது என்று சொல்லவில்லையே.

சென்னை வியர்வையில் மாய்ஸ்சரைசர் எதற்கு?

வெளியே வேலை பார்ப்பவருக்குப் பெரும்பாலும் வேண்டாம். எட்டு மணி நேரம் ஏசியில் உட்காருபவருக்கு வேண்டும். காற்று ஈரமாக இருக்கும் ஊரில் கிளிசரின் முன்னணியில் உள்ள லேசான ஜெல்லோ லோஷனோ போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் மூடி போடும் சரக்கு அதிகமுள்ள க்ரீமுக்குப் போங்கள்.

வறட்சிக்கு வானிலையை மட்டும் குறை சொல்ல முடியாது. போர்வெல் உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் ஒரு படிவு தோலில் தங்கிவிடும். தோலின் இயல்பான அமிலத்தன்மை பிஎச் 5-ஐ ஒட்டியது, சாதாரண சோப்பு 9-10. தினம் இரண்டு வேளை உடம்பு முழுக்க நுரை தேய்த்துவிட்டு 900 ரூபாய் க்ரீமைத் தேடுகிறவர்களிடம், முதலில் சோப்பை அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் காலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எவ்வளவு பூச வேண்டும்? எந்த விலையில் வாங்கலாம்?

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காணும். பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு தடவை பூச ஏறக்குறைய 20 கிராம் ஆகும். அப்படியென்றால் 200 கிராம் டப்பா பத்து நாளில் காலி. இதனால்தான் 50 கிராம் 900 ரூபாய் க்ரீமை வாங்கியவர் பொட்டு வைப்பது மாதிரி தொட்டுத் தொட்டு வைக்கிறார், பலன் தெரிவதில்லை. 100 கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். உடம்புக்கு மலிவானதைத் தாராளமாகவும், முகத்துக்கு ஆசைப்பட்டதைக் கொஞ்சமாகவும் வாங்குவதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்த சில நிமிடங்களுக்குள் பூசிவிடுங்கள்.

புது க்ரீம் எரிகிறது. விட்டுவிடலாமா?

வெடித்த தோலில் யூரியாவோ லாக்டிக் ஆசிடோ பட்டால் ஓரிரு நிமிடம் சுரீர் என்னும், அடங்கிவிடும். அடங்காமல் சிவந்து, தடித்து, அரித்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த தடவை முழங்கை மடிப்பில் ஒரு வாரம் காலையும் மாலையும் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். பட்டியலையும் போட்டோ எடுத்து வையுங்கள். இன்னொரு க்ரீமும் இதே மாதிரி செய்தால், இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருக்கும் பெயரைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு அது உதவும்.

இதில் ஆபத்து என்று ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு, நிறைய பேருக்குத் தெரியாது. க்ரீம், எண்ணெய், ஆயின்ட்மென்ட் ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும். பாரஃபின் (வாசலின், மினரல் ஆயில் போன்ற பெட்ரோலியச் சரக்கு) கலந்தவை மட்டும்தான் அப்படி என்று முன்பு நினைத்தார்கள். 2018-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாரஃபின் இல்லாதவற்றுக்கும் சேர்த்தே எச்சரிக்கை விடுத்தது. துவைத்தாலும் முழுதாகப் போகாது. தினமும் கால் முழுக்கத் தடவிக்கொள்ளும் பெரியவர்கள் அதே புடவையோடோ வேட்டியோடோ விளக்கேற்றும்போதும் அடுப்படியில் நிற்கும்போதும் முந்தானையையும் நுனியையும் இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். அவர்கள் படுக்கும் கட்டில் பக்கத்தில் கொசுவத்திச் சுருளும் வேண்டாம்.